கோலாலம்பூர் மீனுக்கு ஜெர்மனியில் பெயர் சூட்டிய கதை



வழக்கமாக இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, தேர்வு என்றே எழுதி வருகிறேன். இம்முறை ஒரு சிறு மீனைப் பற்றி எழுத எண்ணினேன். மீனுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு இருக்கிறது. சற்றுப் பொறுமையோடு படித்துப் பாருங்கள்.

சில மாதங்களுக்கு முன், நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் அறிவியல் பாட வேளைக்கு ஒரு கண்ணாடிப் போத்தலோடு வந்தான். உள்ளே கட்டைவிரல் நீளத்தில் ஒரு மீன். கருநீல உடல், வால் ஓரத்தில் பிறை போன்ற சிவப்புக் கீற்று. விடுமுறையில் தாத்தாவோடு கோல சிலாங்கூர்ப் பக்கம் போயிருந்தானாம். செம்பனைத் தோட்டத்துக் கால்வாயில் பிடித்தானாம்.

"டீச்சர், இதுக்குப் பேரு என்ன?"

"சண்டை மீன்" என்றேன்.

"கடையில விக்கிற சண்டை மீனுக்கு வால் பெருசா இருக்குமே டீச்சர். இது வேற மாதிரி இருக்கே?"

எனக்கு விடை தெரியவில்லை. "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். ஆசிரியர்களாகிய நாம் எத்தனை முறை இப்படிச் சொல்லித் தப்பித்திருக்கிறோம்!

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நானும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். இதே மீனை இதே போன்ற கால்வாயில் பிடித்து, பால் டின்னில் வைத்து வளர்த்திருக்கிறேன். ஆனால் அதன் பெயரை ஒரு நாளும் கேட்டதில்லை. மறுநாள் தேடத் தொடங்கினேன். கிடைத்த செய்தி என்னை வியப்பில் ஆழ்த்தியது.

பெயர் வந்த வழி

அந்த மீனின் அறிவியற்பெயர் பெட்டா இம்பெல்லிஸ். 1975ஆம் ஆண்டு வெர்னர் லாடிகஸ் என்னும் ஜெர்மானிய மீனியல் அறிஞர் அப்பெயரைச் சூட்டினார். இம்பெல்லிஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்குப் 'போர்க்குணம் இல்லாதது' என்று பொருள். அவர் ஆராய்ந்த மீன் எந்த ஊர் மீன் தெரியுமா? கோலாலம்பூர்! நம் தலைநகரத்து மீன் அது.

அதைவிட வியப்பு, அப்பெயர் வெளிவந்த இடம். பெரிய பல்கலைக்கழக ஆய்வேடு ஒன்றிலும் அது வெளிவரவில்லை. வீட்டில் தொட்டி வைத்து மீன் வளர்ப்போர் படிக்கும் ஜெர்மன் மொழி இதழ் ஒன்றில்தான் வெளிவந்தது. விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி, முறையான விளக்கத்தோடு அச்சில் வெளியிட்டால் போதும்; இதழ் சிறியதா பெரியதா என்பது பொருட்டன்று. பொழுதுபோக்காக மீன் வளர்த்தவர்கள் தமக்கென ஓர் இதழ் நடத்தினார்கள். அதில் நம் ஊர் மீனுக்குப் பெயர் கிடைத்தது.

இது ஒருமுறை மட்டும் நிகழ்ந்த செயலும் அன்று. 1987இல் பார்பரா பிரவுன் என்னும் பிரிட்டிஷ் பெண்மணி, பாரோஸ்ஃப்ரோமெனஸ் ஹார்வேயி என்னும் சிலாங்கூர் மீனுக்குப் பெயரிட்டார். அதுவும் மீன் வளர்ப்போருக்கான பிரிட்டிஷ் இதழில்தான் வெளிவந்தது. ஓர் அங்குலத்திற்குச் சற்றே மிகுந்த நீளமுடைய அந்த மீன், நாம் சனிக்கிழமைகளில் காரில் கடந்து போகும் நிலத்தில்தான் வாழ்கிறது.

எங்கோ ஐரோப்பாவில் குளிரில் வாழ்பவர்களுக்கு நம் கால்வாய் மீன்மீது இவ்வளவு அக்கறை எப்படி வந்தது? இதை அறிய வேண்டுமானால், கண்ணாடித் தொட்டியின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

தொட்டி பிறந்த கதை

மீனுக்கு உணவிடுவது நமக்குப் பழைய வழக்கம். கோயில் குளத்தில் பொரி தூவாத தமிழர் யார்? ஆனால் மீனைக் கண்ணாடிக்குள் வைத்து, அது எப்படி வாழ்கிறது என்று பார்த்து எழுதி வைப்பது வேறொரு பழக்கம். அது 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தோன்றியது.

1832இல் சிசிலித் தீவில் வாழ்ந்த ழான் வில்ப்ரூ-பவர் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி, கடல் உயிர்களை ஆராய்வதற்காகக் கண்ணாடித் தொட்டி அமைத்தார். 1850இல் இலண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் ஓர் ஆய்வை வெளியிட்டார். தங்க மீன், நீர்ச்செடி, நத்தை ஆகிய மூன்றையும் ஒரே கலத்தில் வைத்தார். செடி மீனுக்கு மூச்சுக்காற்றைத் தந்தது. நத்தை அழுகிய இலையைத் தின்று நீரைத் தூய்மையாக்கியது. நீரை அடிக்கடி மாற்றாமலேயே உயிர்கள் வாழ்ந்தன. நம் ஆரம்பப்பள்ளி அறிவியலில் வரும் உணவுச் சங்கிலிப் பாடத்தை அவர் ஒரு தொட்டிக்குள் காட்டிவிட்டார்!

1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன் கூடம் திறக்கப்பட்டது. 1854இல் பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய நூல், நடுத்தரக் குடும்பங்களின் வரவேற்பறைக்குள் தொட்டியைக் கொண்டு வந்து சேர்த்தது.

ஜெர்மனியில் இதைப் பரப்பியவர் ஓர் ஆசிரியர் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. எமில் அடோல்ஃப் ரோஸ்மெஸ்லர், வனவியல் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவர். 1848ஆம் ஆண்டு அரசியல் எழுச்சியின்போது ஃபிராங்க்ஃபர்ட் மக்கள் மன்றத்தில் உறுப்பினராகி, அதனால் ஆசிரியப் பணியை இழந்தார். அதன்பின், எளிய மக்களுக்கு இயற்கையைக் கற்பிப்பதையே தொண்டாகக் கொண்டார். 1856இல் குடும்ப வார இதழ் ஒன்றில், கண்ணாடிக்குள் ஓர் ஏரியை அமைப்பது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார். வகுப்பறையை இழந்த அந்த ஆசிரியர், ஒரு நாட்டையே வகுப்பறையாக்கிக் கொண்டார். 1888இல் பெர்லினில் 'டிரைட்டன்' என்னும் மீன் வளர்ப்போர் சங்கம் தோன்றியது. சங்கங்கள் பெருகின, இதழ்கள் பிறந்தன. அந்த மரபின் வழியில் வந்த இதழ்தான் 1975இல் கோலாலம்பூர் மீனுக்குப் பெயர் கொடுத்தது.

பெயரிலும் பிழை வரும்

சண்டை மீன்களின் பெயர் வரலாறு சுவையானது. 1849இல் தியடோர் கேண்டர் என்னும் மருத்துவர், பினாங்கு மீன் ஒன்றுக்குப் 'பக்னாக்ஸ்' என்று பெயரிட்டார். 'சண்டைக்காரன்' என்று பொருள். சயாம் மன்னரிடமிருந்து நண்பர் வழியாகக் கிடைத்த போர் மீன்களும் அதே இனத்தின் ஒரு வகை என்று அவர் நினைத்தார். அது தவறு. 1910இல் சார்ல்ஸ் டேட் ரீகன் என்னும் அறிஞர், சயாம் மீன் தனி இனம் என்று உணர்ந்து, பெட்டா ஸ்பிளெண்டன்ஸ் என்று வேறு பெயர் சூட்டினார். இன்று கடைகளில் நீண்ட வாலோடு விற்கப்படுவது அதன் வழித்தோன்றலே.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'சண்டைக்காரன்' என்று பெயர் பெற்ற பினாங்கு மீன், ஓடைகளில் வாழும் சாதுவான மீன். ஆண் மீன் முட்டைகளைத் தன் வாயிலேயே வைத்துக் காக்கும். 'போர்க்குணம் இல்லாதது' என்று பெயர் பெற்ற நம் கோலாலம்பூர் மீனையோ, கம்பத்துச் சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாக மோதவிட்டு வந்திருக்கிறார்கள். தொலைவிலிருந்து பெயரிடுபவர் பொருளைப் பிழைபடக் கொள்வதுண்டு. அருகில் இருந்து பார்த்த நாம் எழுதி வைத்திருந்தால்...?

தமிழகத்துக்கும் இதே நிலைதான். சண்டை மீனின் தூரத்து உறவான ஒரு சிறு மீன் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்கிறது. 1831இல் பிரெஞ்சு அறிஞர் குவியே அதற்குக் 'குபானஸ்' என்று பெயரிட்டார். புதுச்சேரி அருகே ஓடும் அரியாங்குப்பம் ஆற்றின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. நம் ஊர்ப் பெயர் பிரெஞ்சுக்காரர் வாயில் நுழைந்து, உருமாறி, இலத்தீனாகி நிற்கிறது!

தேநீர் நிறத்துத் தண்ணீர்

வட சிலாங்கூரில் 70,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட கரிச் சதுப்புக் காடு இருக்கிறது. தஞ்சோங் காராங் நெல்வயல்களுக்குக் கிழக்கே பரந்து கிடக்கும் இக்காடு, 1990இல் வனக்காப்பகமாக அறிவிக்கப்பட்டது. விழுந்த இலைகளும் மரங்களும் நீரில் மூழ்கி, முழுதும் மக்காமல், பல அடி ஆழத்துக்குப் படிந்து கிடக்கின்றன. அந்த இலைச்சாறு இறங்கிய நீர், பால் கலக்காத தேநீர் போலக் கறுத்திருக்கும். புளிப்புத்தன்மை மிகுதி. சாதாரண மீன்கள் பல அதில் வாழ இயலா.

ஒரு காலத்தில் அந்த நீரில் என்ன இருக்கப் போகிறது என்றே பலரும் எண்ணினர். 1992இல் சிங்கப்பூர் அறிஞர் பீட்டர் இங்கும் சுவிஸ் அறிஞர் மாரிஸ் கொட்டலாட்டும் அந்நீரிலிருந்து பெட்டா லிவிடா என்னும் புதிய மீனை விளக்கி எழுதினர். செந்நிற உடல், விலாவில் ஒரு பச்சைப் பொட்டு. 1994இல் அதே இருவர் பெட்டா ஹிப்போசிடெரோஸ் என்னும் இன்னொரு மீனுக்கும் பெயரிட்டனர். இன்று பெட்டா லிவிடா, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் உலகப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

காரணம் எளிது. மரம் கடத்தவும் பயிரிடவும் கால்வாய் வெட்டினால், சதுப்பு நிலத்தின் நீர் வடிந்துவிடும். காய்ந்த கரிமண் தீப்பிடித்தால், மண்ணுக்கு அடியிலேயே நாள்கணக்கில் புகையும். அந்த நீரை விட்டால் அந்த மீனுக்கு வேறு வீடு இல்லை. 2008 முதல் ராஜா மூசா வனக்காப்பகத்தில் வனத்துறையினரும் தன்னார்வலர்களும் கால்வாய்களை அடைத்து, மரக்கன்று நட்டு வருகின்றனர்.

சிறு கூட்டம் எப்படி வளர்ந்தது?

காட்டுச் சண்டை மீன் வளர்ப்பு மிகச் சிறிய வட்டத்துக்குரிய கலை. பெரும்பாலான கடைகளில் இம்மீன் கிடைக்காது. கடைக்காரருக்கு இதன் உணவும் நீரும் தெரியா. ஒரு சோடி வைத்திருப்பவர் அதை இழந்தால், இன்னொருவரிடமிருந்து குஞ்சுகளைப் பெற்றால்தான் தொடர முடியும். ஆகவே இக்கலை ஒருவரால் வாழாது; கூட்டத்தால்தான் வாழும். 1966இல் அமெரிக்காவில் அனைத்துலகப் பெட்டா பேரவை தொடங்கப்பட்டது. அழகுப் போட்டி மட்டுமின்றி, காட்டு இனங்களை உறுப்பினர் வீடுகளில் பெருக்கிக் காப்பதையும் அது ஒரு பணியாக ஏற்றது. அந்நாளில் தொடர்பு என்றால் கடிதமும் சிற்றிதழும்தான்.

நம் நாட்டில் 1992இல் 'ஜாரிங்' இணையச் சேவை வந்தது. நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில், கணினி அறையில் வரிசையில் நின்று இணையம் பார்த்தோம். கடிதம் வாரக்கணக்கில் செய்த வேலையை, இணையக் குழுக்கள் ஒரே இரவில் செய்யத் தொடங்கின. ஷா ஆலாமில் ஒருவர் படம் எடுத்துக் காட்டினால், ஹம்பர்க்கில் ஒருவர் அதன் இனத்தைச் சொன்னார். அதுவரை தனித்தனியே கிறுக்கர்கள் என்று வீட்டாரால் கேலி செய்யப்பட்டவர்கள், தம்மைப் போன்றவர் ஊரெங்கும் உண்டு என்று கண்டுகொண்டார்கள்.

ஆனால் கூட்டம் பெரிதாவது மட்டும் வளர்ச்சி ஆகாது. அதே காலத்தில் நம் நாட்டை ஆட்டிப்படைத்த 'லோ ஹான்' மீன் மோகத்தைப் பெற்றோர் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். 1990களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கப்பட்ட மீன் அது. தலையில் புடைப்பும் உடலில் எழுத்து போன்ற கோடுகளும் இருந்தால் நல்வாய்ப்பு வரும் என்று நம்பி, பெருந்தொகை கொடுத்து வாங்கினார்கள். மோகம் தணிந்தபின், பலர் அவற்றை ஈயக்குட்டைகளிலும் ஆறுகளிலும் கொண்டுபோய் விட்டார்கள். அவை நம் நாட்டு மீன்களைத் தின்று பெருகின.

இரண்டுக்கும் வேறுபாடு என்ன? லோ ஹான் கூட்டத்தில் பெரிதும் பேசப்பட்டது விலை. காட்டு மீன் கூட்டத்தில் பேசப்பட்டது குறிப்பு. நீரின் புளிப்பு எவ்வளவு, எந்த இலை போட்டாய், ஆண் மீன் எத்தனை நாள் காத்தது, குஞ்சு எதைத் தின்றது என்று ஒருவர் எழுத, மற்றவர் செய்து பார்த்துத் திருத்தினார். விலை ஏறி இறங்கும். குறிப்பு நிலைத்து நிற்கும்.

எழுதக் கூடாத ஒன்று

எனினும் ஓர் எச்சரிக்கை உண்டு. இங்கிலாந்தில் கோஸின் நூலைப் படித்தவர்கள், கூடைகளோடு கடற்கரைக்குப் படையெடுத்தார்கள். பாறைக் குட்டைகளில் இருந்த உயிர்களை அள்ளிச் சென்றார்கள். கடற்கரையை நேசித்து எழுதிய மனிதரின் எழுத்தே அதை வெறுமையாக்கியது. அவர் மகன் எட்மண்ட் கோஸ், 1907இல் வெளியிட்ட நூலில் இதை வருத்தத்தோடு பதிவு செய்தார்.

இன்று ஒரு படத்தோடு இடத்தையும் துல்லியமாகக் குறிப்பிட்டுவிட்டால், ஒரே வாரத்தில் அந்தக் கால்வாய் காலியாகிவிடும். காட்டில் எண்ணிக்கை குறைந்த மீனுக்கு வெளிநாட்டில் ஆசைப்படுவோர் இருக்கிறார்கள். ஆகவே பொறுப்புள்ள வளர்ப்பாளர்கள் எல்லாவற்றையும் எழுதுவார்கள். இடத்தை மட்டும் பொதுவில் எழுத மாட்டார்கள். அறிவைப் பகிர்வதும் அடக்கத்தோடு காப்பதும் ஒரே மனிதரிடம் இருக்க வேண்டிய இரண்டு பண்புகள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு அலுத்துவிட்டது என்று கடையில் வாங்கிய சண்டை மீனைக் கால்வாயில் விட்டுவிடாதீர்கள். அது நம் ஊர் மீனோடு கலந்தால், கலப்புக் குஞ்சுகள் பிறக்கும். தூய நம் ஊர் இனம் நாளடைவில் மறைந்துபோகும். அனுமதியின்றி வனக்காப்பகத்துக்குள் பிள்ளைகளை அழைத்துச் சென்று மீன் பிடிப்பதும் கூடாது.

நம் வீட்டுப் பாடம்

தோட்டத்துக் கால்வாயோரம் நான்கு தலைமுறை வாழ்ந்தோம். எந்த மீன் மழைக்காலத்தில் வரும், எது நுரையில் கூடு கட்டும் என்று நம் தாத்தா பாட்டிமார் அறிந்திருந்தார்கள். நாம் எழுதி வைக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, நாம் நகரத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தோம், நான் மீன் பிடித்த கால்வாய் இன்று வீடமைப்புப் பகுதிக்கு அடியில் கிடக்கிறது. 2003 முதல் சில ஆண்டுகள் அறிவியலை ஆங்கிலத்தில் கற்பித்தோம். அந்த ஆண்டுகளில் பயின்ற பிள்ளைகளிடம், தம் ஊர் உயிர்களைத் தமிழில் சொல்லும் பழக்கமே குறைந்துபோனதை நான் கண்ணால் கண்டேன்.

இனியேனும் எழுதலாம். நான் வகுப்பில் தொடங்கியதைச் சொல்கிறேன். விரும்பினால் நீங்களும் செய்யுங்கள்.

1. மூடியுள்ள சிறு தொட்டி ஒன்று. சண்டை மீன் துள்ளும், மூடி வேண்டும். செவுளுக்கு மேலுள்ள தனி உறுப்பால் அது மேலே வந்து காற்றையும் உள்வாங்கும். ஆகவே நீருக்கும் மூடிக்கும் இடையே இடைவெளி வேண்டும்.
2. காய்ந்த கெத்தாபாங் இலை இரண்டு. நம்மவர் நாட்டு வாதுமை என்பர். நீர் மெல்லத் தேநீர் நிறமாகும்.
3. ஒரு குறிப்பேடு. நாள், நீரின் நிறம், இட்ட உணவு, மீனின் செயல். இந்நான்கையும் தமிழில் எழுத வேண்டும்.
4. பிடித்த இடத்தைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஆசிரியர் மட்டும் எழுதி வைப்பார்.

போத்தல் கொண்டு வந்த மாணவனிடம் முழுக் கதையையும் சொன்னேன். ஜெர்மனியில் பெயர் வைத்தார்கள் என்றதும், "நம்ம ஊரு மீனுக்கு நாம ஒரு பேரு வைக்கக் கூடாதா டீச்சர்?" என்றான். அறிவியற்பெயரை மாற்ற இயலாது. தமிழ்ப் பெயர் வைக்க யாரும் தடை சொல்ல மாட்டார்கள் என்றேன். அவன் சற்றுநேரம் மீனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அவன் கையெழுத்தில் இப்போது இப்படி இருக்கிறது: 'பிறைவால். தண்ணீர் இன்னும் தெளிவாக இருக்கிறது. இலை போட்டோம். மூன்று கொசுப் புழு தின்றது.'

உங்கள் பிள்ளைகள் பிடித்து வந்த மீனுக்கும் பறவைக்கும் பூச்சிக்கும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள்? கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த முறை பிள்ளை கேட்கும்போது, "அப்புறம் பார்க்கலாம்" என்று நாம் சொல்ல வேண்டியிராது.